மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு பேருந்து

‘ஜூன் 14, சனி. மைக்கை அணைக்காமல் ஓட்டுநரிடம் பேசிவிட்டேன்.’

தவறு நடந்த சூட்டோடு எழுதிவிட வேண்டும் என்று வழிகாட்டிகளுக்கான மாலை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். புது வழிகாட்டியான அவளும் சுற்றுலாப் பேருந்தின் முன்னிருக்கையிலேயே எழுதிவிட்டாள். ஓட்டுநரிடம் ரகசியமாகச் சொன்னது இதுதான்: “அண்ணா, இன்னிக்கு ரெண்டு கட்சியும் ஊர்வலம் போறாங்களாம். பயணிகளுக்குத் தெரிய வேணாம்.”

பேருந்து முழுக்கக் கேட்டது.

“எந்தெந்தக் கட்சிம்மா?” என்றார் பின்னாலிருந்து ஒரு கண்ணாடிக்காரர்.

அவள் ஊருக்கும் புதியவள், வேலைக்கும் புதியவள். “வண்டிக்குள்ள அரசியல் வாடையே வரக் கூடாது” என்று மேலாளர் சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார். இந்த வேலை போனால் வகுப்பும் போச்சு. அத்தான் கடையில் துணி மடிக்க வேண்டியதுதான்.

“கட்சியெல்லாம் இல்ல சார். ரொம்ப அமைதியான ஊர்.”

“அப்போ பொழுது போகாது. ஒரு கட்சி ஆண்டா ராத்திரி கடை திறந்திருக்கும். இன்னொண்ணு ஆண்டா கழிப்பறை சுத்தமா இருக்கும். அடிச்சுக்கிற ஊர்லதான் ரெண்டும் இருக்கும். நான் சுத்தாத ஊரா?”

“டிக்கெட் காசைத் திருப்பிக் கேளுங்க,” என்றாள் அவர் மனைவி.

“இருக்கு மேடம், இருக்கு. மஞ்சள் கட்சி, பச்சைக் கட்சி. ஆனா சண்டையே போட மாட்டாங்க.”

அந்த நேரம் பார்த்து எதிரே மஞ்சள் கொடிகள் தெரிந்தன.

“அண்ணா, திருப்புங்க.”

“தங்கச்சி, நான் என்ன சொல்ல வரேன்னா...” ஓட்டுநர் பயணிகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு வண்டியைச் சந்தைத் தெருவுக்குள் விட்டார்.

அங்கே பச்சைக் கொடிகள். பின்னாலேயே மஞ்சள் கொடிகளும் வந்து சேர்ந்தன.

“வெயில் ஜாஸ்தியா இருக்கு,” என்று அவள் திரைகளை இழுத்துவிட்டாள். பயணிகள் உடனே விலக்கினார்கள்.

மஞ்சள் தலைவர் கதவைத் தட்டினார். “இந்த வண்டி எந்தப் பக்கம்?”

“எந்தப் பக்கமும் இல்லைங்க.”

“பக்கமே இல்லாதவங்களுக்கு எங்க ஊர்ல என்ன வேலை?”

“இந்த ஒரு விஷயத்துல அந்தாளு சொல்றது சரி,” என்றார் பச்சைத் தலைவர்.

அவள் இருக்கைகளைத் திரும்பிப் பார்த்தாள். “சரிங்க. இடது பக்கம் உக்காந்திருக்கவங்க மஞ்சள். வலது பக்கம் பச்சை.”

யாரையும் இறங்கச் சொல்லவில்லை. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ஜன்னலோரம் கேட்டு வலது பக்கம் மாறியிருந்த கண்ணாடிக்காரர் மனைவி பச்சைக் கொடியை வாங்கிக்கொண்டாள்.

“நீ இந்தப் பக்கம் வா,” என்றார் கண்ணாடிக்காரர்.

“வர மாட்டேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்களுக்கு எதிரா கத்த ஒரு இடம் கிடைக்கலையேன்னு இருந்தேன்.”

தலைவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். ஒரு பொத்தான் தெறித்து அவள் காலடியில் விழுந்தது. அவள் போனில் போலீசைக் கூப்பிட்டாள்.

ஜீப் வந்தது. தலைவர்கள் இருவரும் பேருந்து ஓட்டுநரையே ஒரு மாதிரி பார்த்தபடி ஏறிப் போனார்கள். பயணிகள் கை தட்டினார்கள்.

பணிமனையில் எல்லோரும் இறங்கிப் போன பிறகு, அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றினாள். “நானே மேலாளர்கிட்ட சொல்லிடறேன் அண்ணா. வேலை போனாப் போகட்டும்.”

ஓட்டுநர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“வேலை எங்கயும் போகாது. நாளைக்குக் காலைல மொதல்ல ஸ்டேஷனுக்குப் போய் அந்த ரெண்டு தலைவரையும் வெளிய கூட்டிட்டு வா தங்கச்சி, பத்து மணி ட்ரிப்புக்குச் சண்டை போட நம்ம கம்பெனியில வேற ஆள் இல்ல.”