கூடிவாழ்ந்து கற்கும் விடுதி

அறைக் கதவுகளைக் கழற்றிய மறுநாள் காலை, பெண்கள் விடுதியின் குளியலறைகளுக்கு முன்னால் நின்ற வரிசை கிணற்றடி வரைக்கும் போயிருந்தது.

விடுதிப் பொறுப்பாளர் சாரங்கா தேநீர்க் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன இராசாத்தியக்கா, தண்ணி வரேல்லையோ?"

விடுதியைத் துப்புரவாக்கும் இராசாத்தி வாளியைக் கீழே வைத்தாள். "தண்ணி வருது மிஸ். உள்ளுக்க போன பிள்ளையள்தான் வெளியில வருகினமில்லை."

"குளிக்க இவ்வளவு நேரமோ?"

"எங்க குளிக்கினம்? படிக்கினம்."

சாரங்கா கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்து, கிளிநொச்சிக்கு விரிவுரையாளராக வந்தவள். போன வருடம் ஒரு பயிற்சிக்கு வெளிநாடு போயிருந்தாள். அங்கே ஒரு விடுதியில் மாணவர்கள் வட்ட மேசைகளைச் சுற்றியிருந்து சாப்பிட்டபடியே விவாதித்தார்கள், சிரித்தார்கள், படித்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்குத் தன் விடுதியை நினைக்கத் துக்கமாக இருந்தது. இங்கே பிள்ளைகள் விரிவுரை முடிந்து வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார்கள். அவ்வளவுதான்.

அவள் விடாமல் எழுதிக் கேட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தாள். நடுச்சுவர்கள் இடிக்கப்பட்டுப் பெரிய மண்டபம் ஒன்று உருவானது. வட்ட மேசைகள் வந்தன. வாசலில் 'கூடிவாழ்ந்து கற்கும் விடுதி' என்று பலகையும் ஏறியது. பிள்ளைகள் புது மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து, "வடிவாக் கிடக்கு மிஸ்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள்.

கொழும்பிலிருந்து திட்டத்தைப் பார்வையிட ஆட்கள் வர இருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்தால் விடுதிக்கு இன்னொரு மாடி கிடைக்கும். இடமில்லாமல் வெளியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளும் உள்ளே வரலாம். அவர்கள் வரும்போது மண்டபம் நிறைந்திருக்க வேண்டும். ஆகவேதான் அறைக் கதவுகள் கழன்றன.

"குளியலறை பல்புகளைக் கழட்டுங்கோ. இருட்டுக்க ஆர் படிக்கிறது?" என்று அந்த வரிசையைப் பார்த்தபடி சாரங்கா இராசாத்தியிடம் சொன்னாள்.

அன்று பின்னேரமே விசுவமடுக் கஜனி இருட்டில் சவர்க்காரத்தில் கால் வைத்து விழுந்தாள். கணுக்கால் பூசணிக்காய் போல வீங்கியது. மற்றவர்கள் கைபேசி வெளிச்சத்தில் படிப்பைத் தொடர்ந்தார்கள்.

சாரங்கா பல்புகளைத் திரும்பப் பூட்டுவித்தாள். பதிலுக்குத் தாழ்ப்பாள்களைக் கழற்றுவித்தாள்.

அதன் பிறகு பிள்ளைகள் சோடி சோடியாகக் குளியலறைக்குப் போனார்கள். ஒருத்தி உள்ளே, மற்றவள் வெளியே கதவைப் பிடித்தபடி. சாரங்காவுக்கு இது நம்பிக்கை தந்தது.

"பாத்தீங்களோ அக்கா? ஒருத்தருக்கொருத்தர் உதவி செய்யத் தொடங்கிட்டினம்."

இராசாத்தி கூட்டுமாற்றை எடுத்துக்கொண்டு போனாள்.

உதவி செய்ததில் இருவருக்கும் விரிவுரை தவறியது. பீடாதிபதி அவர்களைக் கூப்பிட்டு ஏசினார். அந்தக் கிழமையே அறை வாசல்களில் படுக்கை விரிப்புகள் தொங்கத் தொடங்கின. சாரங்கா அவற்றைக் கழற்றச் சொன்னாள். விரிப்புகளோடு சேர்த்துச் சில பிள்ளைகளும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாடகை அறை தேடிப் போய்விட்டார்கள். அதில் ஒருத்தி படிப்பையே விட்டுவிட்டு ஊரான உடையார்கட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்ட அன்று, சாரங்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் பலகை ஏறிவிட்டது. சுவரும் இடிந்துவிட்டது. இனி எப்படித் திரும்புவது?

மிஞ்சியவர்களில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த நிரோசினியைப் பற்றித்தான் அவளுக்குப் பெரிய கவலை. விரிவுரைக்கு வருவாள், சாப்பிட வருவாள், பிறகு மாயமாகிவிடுவாள். மண்டபத்தில் இல்லை, கட்டிலில் இல்லை, நூலகத்திலும் இல்லை. பிள்ளைக்கு மனதில் ஏதோ வருத்தம் என்று சாரங்கா முடிவு செய்து தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"மகள் ஒருத்தரோடயும் சேருறா இல்லை. ஒருக்கா வந்து கதைச்சுப் பாருங்கோ ஐயா."

"வாறன் மிஸ்" என்றார் அல்பேர்ட். பின்னால் கடல் இரைந்தது.

அவர் வந்த அதே காலைதான் கொழும்பு ஆட்களும் வந்திறங்கினார்கள். சாரங்கா அல்பேர்ட்டை மண்டபத்து ஓரத்தில் ஒரு கதிரையில் இருத்திவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. எல்லாரும் வர வேண்டும் என்று முதல் நாளே கட்டளை போட்டிருந்தாள். பிள்ளைகள் வட்ட மேசைகளைச் சுற்றி, செத்த வீட்டில் இருப்பது போல இருந்தார்கள். வந்தவர்களில் மூத்த அதிகாரிக்கு அந்த அமைதி பிடித்துவிட்டது.

"எல்லாரும் ஒண்டா இருந்து என்ன படிச்சனீங்கள்?" என்று கஜனியிடம் கேட்டார்.

கஜனி கட்டுப் போட்ட காலை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். "பொறுமை, சேர்."

"அருமை!" என்றார் அவர். சாரங்காவுக்கு உயிர் வந்தது.

"அறையளையும் ஒருக்காப் பாப்பமே?"

முதல் அறை மடித்து வைத்தது போலச் சுத்தமாக இருந்தது. அதிகாரி கட்டிலைத் தட்டிப் பார்த்தார், யன்னலைத் திறந்து பார்த்தார். பிறகு புது அலுமாரியின் தரத்தைப் பார்க்கக் கைப்பிடியை இழுத்தார். அது வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்திருப்பது போல இருந்தது. அவர் பலமாக இழுத்தார்.

தொங்கிய சட்டைகளுக்குக் கீழே, முழங்காலை நெஞ்சோடு மடித்து, மடியில் புத்தகமும் வாயில் கைபேசி வெளிச்சமுமாக நிரோசினி இருந்தாள்.

அவள் கைபேசியை வாயிலிருந்து எடுத்தாள்.

"சொறி சேர். நாளைக்குச் சோதினை."

அதிகாரி, "படியுங்கோ, படியுங்கோ" என்று சொல்லி அலுமாரியைப் பழையபடி மெதுவாகச் சாத்தினார். பிறகு சாரங்காவின் முகத்தைப் பார்க்காமலே வாகனத்தில் ஏறினார். தேநீரும் குடிக்கவில்லை.

சாரங்கா மண்டபத்துக்குத் திரும்பினாள். வட்ட மேசைகள் வெறிச்சோடிக் கிடந்தன. அல்பேர்ட் மட்டும் அதே கதிரையில், கதவில்லாத வாசல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி இருந்தார்.

"ஐயா, கேட்டுக் கோவிக்காதேங்கோ," என்றாள். "உங்கட மகள் அலுமாரிக்குள்ள ஒளிச்சிருந்து படிக்கிறா. டொக்டரிட்டக் காட்டவேணும். மற்ற ஆக்களோட கூடிவாழ அவவுக்கு ஒருத்தரும் பழக்கேல்லைப் போல."

அல்பேர்ட் எழுந்து நின்றார். அவர் கோபிக்கவில்லை.

"அஞ்சாறு வயசில அகதி முகாமில ஒரு கூடாரத்துக்க மூண்டு குடும்பத்தோட கிடந்து பழகினவள் மிஸ், வீட்டுத்திட்டத்தில கட்டின வீடும் அரைவாசியில நிண்டு எங்கட வாசலில இண்டைக்கும் சீலைதான் தொங்குது, அதாலதான் கம்பஸ் கிடைச்ச அண்டைக்கு அவள் என்னட்டக் கேட்டது ஒண்டே ஒண்டு: 'அப்பா, அங்க அறைக்குக் கதவு இருக்குமோ?'"