நரம்பு டாக்டர் கை குலுக்கினால்

உலகத்தில் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. சட்டைப் பையைப் பார்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. மூன்றாவதாக ஒரு இனம் இருக்கிறது, சதையைப் பார்த்துப் பேசுகிற இனம். நரம்பியல் ஆராய்ச்சியாளர் என்று கௌரவமாகச் சொல்வார்கள். சந்தேகமாக இருந்தால் ஒருவரிடம் போய்க் கையை நீட்டிப் பாருங்கள். கொடுத்த கை திரும்பி வர நேரமாகும். அழுத்துவார், விரலை விரிக்கச் சொல்வார், புறங்கையைத் திருப்பிக் கட்டைவிரல் பக்கத்துச் சதையைத் தடவுவார், நாக்கை நீட்டச் சொல்லி விளக்கு அடிப்பார். அதற்குள் நாம் எதற்கு வந்தோம் என்பதே நமக்கு மறந்துபோயிருக்கும்.

இந்த இனத்தில் ஒரு முழு உருப்படி எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. என் அக்காவைக் கட்டியவர். ஆகவே நான் சொல்வது கேள்விப்பட்டது இல்லை, கூடவே இருந்து அனுபவித்தது.

மூளை சொல்வதைச் சதைக்குக் கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற வியாதி ஒன்று இருக்கிறதாம். சேதி வராத சதை துடிக்கும், வற்றும், பிறகு ஓய்ந்துவிடும். பொல்லாத வியாதி. அத்தான் படித்து முடித்த நாளிலிருந்து அதன் பின்னாலேயே அலைகிறார். அவர் மருந்தால் இதுவரை குணமானவை எல்லாம் எலிகள்தான். அதே மருந்தை மனிதனுக்குக் கொடுத்தால் அது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. “எலியாப் பொறந்திருந்தா உங்க அத்தான் கையால நூறு வயசு இருக்கலாம்டா” என்று அக்கா சொல்வாள்.

பூங்காவில் உட்கார்ந்தால் உங்களுக்கும் எனக்கும் காற்று வாங்கத் தோன்றும். அவருக்கு, போகிறவன் வருகிறவன் பாதத்தைத் தூக்கி வைக்கிறானா, இழுத்து வைக்கிறானா என்று பார்க்கத் தோன்றும். தொலைக்காட்சியில் ஆட்சி கவிழ்ந்த செய்தி ஓடிக்கொண்டிருக்கும். இவர் செய்தி வாசிக்கிற பெண்ணின் நாக்கு கொஞ்சம் கனமாகப் புரளுகிறதே என்று கவலைப்படுவார். நாலு பக்கக் கட்டுரை எழுதுவார், அதன் தலையில் முப்பது பேர் பெயர் இருக்கும், யார் பெயர் முதலில் வருவது என்று நடந்த சண்டையில் இரண்டு பெரிய மனிதர்கள் இன்றைக்கும் ஒரே லிஃப்டில் ஏறுவதில்லை. கட்டுரையின் கடைசி வரி மட்டும் எப்போதும் ஒன்றுதான்: இன்னும் ஆராய வேண்டியிருக்கிறது.

அதையாவது ஆஸ்பத்திரியோடு விட்டுவிட்டு வருவாரா? மாட்டார். சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறதா என்று அக்கா கேட்டால், முதல் கவளம் நம்பிக்கை தருவதாகவும், நிறையப் பேர் சாப்பிட்ட பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றும் பதில் வரும். ஆமாம், இல்லை என்ற இரண்டு வார்த்தைகளையும் அவர் கல்லூரியிலேயே தொலைத்துவிட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் அவர் பெண், தான் கட்டிக்கொள்ள நினைக்கிற பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

பையன் கட்டட இன்ஜினியர். நல்ல ஒல்லி. அன்றைக்கென்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. பெரிய பழக்கூடை ஒன்றை வலது கையில் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி, மூச்சு வாங்கியபடி உள்ளே வந்து, கூடையை வைத்த கையோடு மாமனாரிடம் கையை நீட்டினான். அவ்வளவுதான். அத்தான் பிடித்தார், விடவில்லை. அழுத்தினார். அந்தக் கையில் ஏது பலம்? அதைக் கூடை வாங்கிவிட்டது. முழங்கைக்கு மேலே ஒரு சதை வேறு லேசாகத் துள்ளியது. அத்தான் முகம் இருண்டுபோயிற்று. பேனா நழுவுகிறதா, சட்டைப் பொத்தான் போட நேரமாகிறதா, சாப்பிடும்போது புரையேறுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பையன் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது நிஜமாகவே புரையேறியது.

சாப்பாடு முழுக்க அவர் பையன் சோறு பிசைகிற விரல்களையே முறைத்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பையன் போன பிறகு நான் பால்கனிக்குப் போய், அப்படி என்ன குறை கண்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். அத்தான் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“மாப்ளே, இந்த வியாதி வந்தவங்க பக்கத்துல கட்டில் ஓரமா நாற்காலியில உக்காந்திருக்கிற பொண்டாட்டிங்களை நான் தினமும் பாக்கிறேன். அந்த நாற்காலியில என் பொண்ணை வச்சுப் பாக்க முடியலடா.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த இனத்தைப் பற்றி வம்பு பேசுவதில் இருக்கிற ஒரே சங்கடம் இதுதான்.

மறுநாள் பையனை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியாயிற்று. காதலுக்காகக் கடல் தாண்டியவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம், மலை ஏறியவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம். தொடையில் ஊசி குத்திக்கொண்டவனை அன்றுதான் பார்த்தேன். பெண் வந்தாள், அக்கா வந்தாள், வேடிக்கை என்றால் நான் வராமல் இருப்பேனா? சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு மெஷின். சதையில் மெல்லிய ஊசியைச் செருகினால் சதை பேசுவது அந்த மெஷினில் கேட்கும். நல்ல சதை சும்மா இருக்கும்போது மெஷினும் சும்மா இருக்கும். கோளாறு இருந்தால் சட்டியில் சோளம் பொரிகிற மாதிரி சத்தம் வரும். பையனைக் கையில் குத்தினார், தொடையில் குத்தினார், கெண்டைக்காலில் குத்தினார். மெஷின் வாயைத் திறக்கவில்லை.

பெண் முகம் மலர்ந்தது. அத்தான் ஊசியை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

“சுத்தமா இருக்கு. ஆனா இதை வச்சு மட்டும் ஒண்ணும் சொல்லிட முடியாது. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்.”

“அதுக்கப்புறம்?” என்றாள் பெண்.

“அப்ப என்ன தெரியுதோ அதைப் பொறுத்து.”

பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவளும் அவர் பெண்தானே? “ஒரு ஆளை மட்டும் குத்திட்டு முடிவு சொல்லக் கூடாது, ஒப்பிட்டுப் பாக்க நோயில்லாத ஆள் ஒருத்தர் வேணும்னு நீங்கதானேப்பா சொல்வீங்க?” என்றாள்.

அத்தானுக்கு அது நியாயமாகப் பட்டது. அங்கே இருந்தவர்களில் நோயில்லாத ஆள் யார் என்பதிலும் அவருக்குச் சந்தேகமே இல்லை. கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு கட்டிலில் ஏறித் தன் கெண்டைக்காலில் தானே ஊசியைச் செருகினார்.

டொப், என்றது மெஷின். கொஞ்சம் பொறுத்து மறுபடி டொப். டொப், டொப்.

மெஷினைத் தட்டினார். ஊசியை மாற்றினார். அடுத்த காலில் குத்தினார். அங்கேயும் சோளம் பொரிந்தது. மனிதர் வேர்த்துப்போய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெறும் துடிப்புக்குப் பயப்படாதீர்கள், பலம் குறைந்தால்தான் யோசிக்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லி அனுப்புகிற வாய்க்கு, தனக்கென்று வந்தபோது அந்த ஒரு வரி அகப்படவில்லை.

பெண்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். “மிதிச்சுத் தள்ளுங்கப்பா.” தள்ளினார். அவள் ஸ்டூலோடு பின்னால் போய்ச் சுவரில் முட்டினாள். “பலம் நல்லா இருக்கு. தூங்காம காப்பியாக் குடிச்சா வர்ற துடிப்புதான் இது” என்றாள்.

“இருக்கலாம்மா. ஆனா உறுதியாச் சொல்லணும்னா…” என்று அத்தான் ஆரம்பித்தார்.

அதுவரை மூலையில் நின்றிருந்த அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “அப்ப எனக்கும் ஆறு மாசம் டைம் குடுங்க. உங்ககூடக் குடித்தனம் நடத்தலாமா வேணாமான்னு யோசிச்சுச் சொல்றேன்.”

அத்தான் அக்காவைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், பிறகு பையனைப் பார்த்தார். கையை இல்லை, காலை இல்லை. முகத்தை. முதல் தடவையாக.

“காலையில ஏதாவது சாப்பிட்டியாப்பா?” என்றார்.

எங்கள் வீட்டில் அதுதான் சம்மதம். எல்லோருமாக வீட்டுக்கு வந்தோம். பையனுக்கு அப்போதுதான் உயிர் வந்து, சோபாவில் நிம்மதியாகச் சாய்ந்து, தலையைத் தூக்கி மேலே பார்த்தான். பார்த்தவன் பார்வையை எடுக்கவில்லை. “சார், உங்க உத்தரத்துல மயிரிழையா ஒரு விரிசல் ஓடுது. இப்போதைக்கு ஆபத்துன்னு சொல்ல மாட்டேன்” என்றான். அத்தான் ஆர்வமாக எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு தானும் அண்ணாந்து பார்த்தார். பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. இப்போது ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் இருக்கிறவர்களை, அவர்களிடம் என்ன சரியில்லை என்று தேடாமல் நீங்கள் கடைசியாகப் பார்த்தது எப்போது? யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை. ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் ‘சரியில்லை என்பதற்கு நீர் என்ன அளவுகோல் வைத்திருக்கிறீர்’ என்று என்னைத் திருப்பிக் கேட்கத் தோன்றியதோ, ஐயா, உங்களுக்கு என் அத்தானிடம் அறிமுகமே தேவையில்லை. நேரே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம்.