பைப்-தா மோட்டார் வாங்கிய கதை

கொல்கத்தாவில் பைப்-தா இழுத்துக்கொண்டு வராத பொருள் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அது ஹௌரா பாலம். அந்தப் பக்கம் அவருக்கு வேலை கிடைக்கவில்லை, அதனால் தப்பித்தது.

பைப்-தாவுக்குத் தொழில் கண்ணாடி துடைப்பது. ஆபீஸ், அடுக்குமாடி, நகைக்கடை என்று வெளிப்பக்கக் கண்ணாடி எங்கே மங்கிக் கிடந்தாலும் அங்கே அவருடைய குட்டி யானை வண்டி வந்து நிற்கும். வண்டியில் ஒரு தொட்டி நிறைய வடிகட்டிய தண்ணீர். தொட்டியிலிருந்து கிளம்பும் பைப் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போய் ஒரு நெடுங்கம்பில் ஏறும். கம்பின் உச்சியில் பிரஷ். தரையில் நின்றபடியே நாலாவது மாடி ஜன்னலுக்குப் பல் விளக்கிவிட்டு வந்துவிடுவார். ஆசாமி திருநெல்வேலிப் பக்கம். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் மூத்தவர் யாரைக் கண்டாலும் பெயரோடு ஒரு ‘தா’ ஒட்டி அண்ணனாக்கிவிடும் இந்த ஊர், அவர் தோளில் கிடந்த பைப்பைப் பார்த்த பிறகு வேறு பெயர் விசாரிக்கவில்லை.

நான் சால்ட் லேக்கில் ஒரு கண்ணாடிக் கட்டட ஆபீஸில் அட்மின் வேலை பார்க்கிறேன். விளக்கு எரியாவிட்டாலும், கழிவறையில் தண்ணீர் வராவிட்டாலும், ஏசி குளிர்ந்தாலும், குளிராவிட்டாலும் திட்டு வாங்குவதற்கென்று சம்பளம் தருகிறார்கள். அங்கே கண்ணாடி துடைக்க வந்தவர், பத்து நிமிடத்தில் எனக்கு அண்ணாச்சி ஆகிவிட்டார். அவர் மனைவி மதினி ஆனார். லேக் மார்க்கெட்டில் ஒரு மளிகைக் கடை மாடியில் அவர்கள் வீடு. பண்டிகை, காய்ச்சல் எது வந்தாலும் அங்கிருந்து ஒரு தூக்குவாளி எங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடும்.

அந்தப் பைப்பை அவர் சீராட்டுவதைப் பார்த்தால் பெற்ற பிள்ளை பொறாமைப்படுவான். வேலை முடிந்ததும் பழைய வேட்டித் துணியால் அங்குலம் அங்குலமாகத் துடைத்து, கையால் சுற்றும் உருளையில் அடுக்கி வைப்பார். யாராவது அதை மிதித்துவிட்டால் அன்றைக்கு அவர் சாப்பிட மாட்டார். இவ்வளவு பாசம் உள்ளவர், அந்தப் பைப் எங்கேயாவது சிக்கிக்கொண்டால் மட்டும் போய்ப் பார்க்கவே மாட்டார். வண்டிப் பக்கத்தில் நின்றபடி காலை ஊன்றி இழுப்பார். இன்னும் வரவில்லையா, இன்னும் இழுப்பார்.

“போய்ப் பாத்துட்டு வந்தா என்ன அண்ணாச்சி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பாக்கதுக்கு என்ன இருக்கு தங்கச்சி? இழுத்தா வரும். வரலன்னா நாம இழுத்தது போதாதுன்னு அர்த்தம்.”

வந்தது. என்னென்னவோ வந்தது. ஜாதவ்பூரில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வீட்டில் வேலை. அவர் மாடியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். கீழே அவருடைய டாலியா பூந்தொட்டிகள் வரிசையாகக் கிளம்பி, வாசல் கேட்டைப் பார்த்துப் போகின்றன. “ஏ கீ! இதென்ன!” என்று எழுந்தாராம். வேறு யாராக இருந்தாலும் நிறுத்து என்று கத்தியிருப்பார்கள். பேராசிரியர் அல்லவா, இது ஏன் நடக்கிறது என்று முதலில் யோசித்திருக்கிறார். யோசித்து முடிப்பதற்குள் தொட்டிகள் தெருவுக்கு வந்துவிட்டன. அன்றிலிருந்து இருவரும் ஆப்த நண்பர்கள். காரணம் எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

புதிதாகத் திறக்கும் நகைக்கடை ஒன்றில், சிறப்பு விருந்தினர் கத்தரிக்கோலை உயர்த்திய நேரத்தில் ரிப்பன் காணாமல் போனது. அதை வண்டிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். இன்னொரு ஆபீஸில் பைப் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் காலைச் சுற்றிக்கொண்டது. நாற்காலியில் காவலாளி. காவலாளிக்கு மதியத் தூக்கம். மனிதர் கலையாமல் தூங்கியபடியே பின்வாசலிலிருந்து முன்வாசல் வரை வந்து சேர்ந்து, கண் விழித்ததும் கடமை தவறாமல் “யார் நீ? உள்ளே எப்படி வந்தாய்?” என்று பைப்-தாவை அதட்டியிருக்கிறார். இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. மதினி சத்தியம் செய்கிறார்.

இப்படி ஊரையே இழுத்த தோள் ஒருநாள் மக்கர் செய்தது. வலது கை தலைக்கு மேல் எழும்பவில்லை. சட்டை போட்டுக்கொள்ள மதினி வேண்டும், தலை சீவ மதினி வேண்டும். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கம்பு பிடிக்கலாம், ஆனால் இழுக்கவே கூடாது, இன்னும் கொஞ்ச நாள் இழுத்தால் கம்பும் பிடிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். செய்தி பெங்களூருக்குப் போனது. மகன் அன்றைக்கே போன் செய்தான். வண்டியை விற்றுவிட்டுக் கிளம்பி வாருங்கள், ரூம் தயாராக இருக்கிறது என்றான்.

மகன் தங்கமான பையன். ஆனால் பைப்-தா அந்தப் பதினைந்தாவது மாடி வீட்டில் போய் இருந்து பார்த்தவர். “ஜன்னல்ல வெளிப்பக்கம் பூரா அழுக்கு தங்கச்சி. உள்ள நின்னு பாக்கேன், தெரியுது. கை எட்டல. திறக்கவும் முடியாது. சோறு எறங்குமா?” என்றார்.

மதினியின் பிரச்சினை வேறு. “அங்கன போயி நான் யார்ட்ட பெங்காலில சண்ட போட? மீன்காரன்ட்ட நாலு வார்த்த பேசலன்னா எனக்கு அன்னைக்குப் பொழுதே விடியாது.”

போகாமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது. மோட்டார் ரீல். பேட்டரியில் ஓடும் உருளை. கையில் ஒரு ரிமோட். பொத்தானை அமுக்கினால் பைப் தானாக வந்து சுற்றிக்கொள்ளும். தோளுக்கு வேலையே இல்லை. நானே கடை தேடிக் கண்டுபிடித்து அவரிடம் சொன்னேன். விலையைக் கேட்டு ஒருமுறை துள்ளினார். ஆனால் உண்மையான காரணம் விலை இல்லை.

“என் கைக்குத் தெரியும் தங்கச்சி, பைப்பு எங்க நிக்கி, என்ன செய்யின்னு. மோட்டாருக்கு என்ன தெரியும்? ஆளு, மாடுன்னு பாக்காம சுத்திரும்.”

பூந்தொட்டி, ரிப்பன், காவலாளி மூன்றும் என் நாக்கு நுனியில் வந்து நின்றன. விழுங்கிக்கொண்டேன்.

மனிதருக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. தெரியாவிட்டால் டாக்டரைக் கேட்கலாம், பெண்டாட்டியைக் கேட்கலாம். இவர் கொல்கத்தாவைக் கேட்டார். லேக் மார்க்கெட் டிபன் கடையில் தோசைக்குக் காத்திருந்தவர்களிடம் விஷயத்தைப் போட்டார். அவ்வளவுதான், கடை இரண்டு கட்சியானது. மளிகைக் கடைக்காரர் வாங்கு என்றார். தோசை சாப்பிட ஜாதவ்பூரிலிருந்து வரும் நம் பேராசிரியர் கூடாது என்றார். கை செய்கிற வேலையை இயந்திரத்திடம் கொடுத்த மனிதன் கடைசியில் என்ன ஆகிறான் என்று சட்னி ஆறும்வரை பேசினார். வழியோடு போனவர்கள்கூட உள்ளே வந்து கட்சி சேர்ந்தார்கள். பேச்சு முற்றி, மோட்டாரை எல்லாரும் மறந்து, ஊரில் டிராம் ஓட வேண்டுமா வேண்டாமா என்பதில் போய் நின்றது.

“என்ன முடிவாச்சு அண்ணாச்சி?”

“டிராம் ஓடணும்னு முடிவாச்சு” என்றார் அவர் சோகமாக.

எனக்குப் பொறுமை போய்விட்டது. கடைக்காரரிடம் பேசி, ஒரு வேலைக்கு மட்டும் ரீலை இரவல் வாங்கினேன். இடம், நாங்கள் குடியிருக்கும் குடியிருப்பு. மாடிப்படிக் கண்ணாடி முழுக்க மழைக்கறை. துர்கா பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. புல்தரையில் பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள். பைப்-தா ரிமோட்டைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அது மதினி கையில். தன் கட்சி ஜெயிப்பதைப் பார்க்கப் பேராசிரியரும் குடையோடு வந்திருந்தார்.

கண்ணாடி துடைத்து முடிந்தது. பைப், கட்டடத்தின் பின்பக்கம் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தது. மதினி சாமியைக் கும்பிட்டுக்கொண்டு பொத்தானை அமுக்கினார். ரீல் முனகியது. பைப் சாதுவாக, சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாக வரிசையில் வந்து சுற்றிக்கொள்ள ஆரம்பித்தது. மதினி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நான் மனதுக்குள் பெங்களூர் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டேன்.

திடீரென்று பைப் விறைத்தது. ரீல் ஒருமுறை உறுமிவிட்டு நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டியது.

“தேக்லே தோ! பார்த்தீர்களா, மெஷின் ஃபெயில்!” என்று பேராசிரியர் குடையைத் தூக்கினார்.

“நான் அப்பமே சொன்னேன்லா?” பைப்-தாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “எங்கனயோ சிக்கிருக்கு. இதுக்குப் போயி நின்னுட்டு! ஒரே இழு, வந்துரும். தள்ளுங்க.” பைப்பைக் கைமுஷ்டியில் ஒரு சுற்று சுற்றி, காலை ஊன்றிவிட்டார்.

“அந்தத் தோள வச்சிக்கிட்டா? விடுங்கங்கேன்!” என்றார் மதினி. அவர் விடவில்லை. மதினி பைப் மேல் ஏறி, இரண்டு காலாலும் அழுத்தி நின்றுகொண்டார்.

பைப்-தாவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. “பைப்ப மிதிக்கா! தங்கச்சி, பாத்தியா, பைப்ப மிதிக்கா!”

“மிதிப்பேன். போயி என்னன்னு பாத்துட்டு வாங்க. அதுக்கப்புறம் எறங்குதேன்.”

வேறு வழி இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக மனிதர் பைப்பைப் பின்தொடர்ந்து நடந்தார். முணுமுணுத்தபடி அவர் முன்னால் போக, நான் பின்னால் போனேன். கட்டடத்தின் மூலை திரும்பியதும் இருவரும் நின்றுவிட்டோம்.

குடியிருப்பில் பூஜை நடத்தும் எங்கள் க்ளப் ‘பையன்கள்’ ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். பையன்கள் என்றால் ஒவ்வொருவருக்கும் ஐம்பது தாண்டியிருக்கும். பைப் சேற்றில் கிடக்கிறதே, பூஜைக் கமிட்டிக்காரர்கள் தடுக்கி விழுவார்களே என்று அதைத் தூக்கி, ஒரு மூங்கிலில் சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். அந்த மூங்கில் இன்னும் சரியாக ஊன்றப்படாதது. அதன் உச்சியில், இரண்டு மாடி உயரத்தில், பந்தல் வேலைக்காரர் ஒருவர் காலால் மூங்கிலைக் கவ்விக்கொண்டு குறுக்குக் கம்பு கட்டிக்கொண்டிருந்தார். மூங்கில் எங்கள் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது.

மேலிருந்து அவர் குனிந்து பார்த்தார். “ஓ தாதா, ஏக்டு ஆஸ்தே” என்றார். அண்ணே, கொஞ்சம் மெதுவா. அவ்வளவுதான் சொன்னார்.

பைப்-தா ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. “மோட்டாரு நின்னுட்டு. நான்னா இழுத்திருப்பேன் தங்கச்சி” என்றார். “வர்ற வரைக்கும் இழுத்திருப்பேன்.”

எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை. கயிற்றை அவிழ்த்தோம். பந்தல்காரர் சாவகாசமாக இறங்கி வந்து, என்ன விஷயம் என்று கேட்டு, சொன்னதும் சிரித்தார். அவர் தரையில் கால் வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பைப்-தா அவர் கையைப் பிடித்துக்கொண்டு டீக்கடைக்கு அழைத்துப் போனார். டீ, சிங்காரா என்று இந்த ஊர் சொல்லும் சமோசா, மறுபடி டீ. போதும் தாதா என்று அவர் கும்பிடும்வரை விடவில்லை. தோள் வலிக்கிற ஞாபகமே அவருக்கு இல்லை. நல்லவேளை, நல்லவேளை என்று வழியில் போன நாயிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார். பேராசிரியர் நிலவரத்தை ஒருமுறை கேட்டுக்கொண்டு, எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்த இயந்திரம் மனிதனைவிட நாகரிகமானது, இதைத்தான் தான் முதலிலிருந்தே சொல்லி வருவதாக அறிவித்தார்.

இரவல் ரீல் கடைக்குத் திரும்பிப் போகவில்லை. பைப்-தாவின் பணம்தான் போனது.

ஜன்னல் துடைக்கிறவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டு, வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்தால் பைப்-தாவின் தீர்ப்பு இதுதான். அது கனமானது, வண்டியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். பேட்டரிக்கு முந்தின நாளே சார்ஜ் போட மறந்தால் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பைப்பை ஒரு கையால் நெறிப்படுத்தாவிட்டால் ஒரே பக்கமாகக் குவிந்துகொள்ளும். அழுக்கையும் சேர்த்துச் சுற்றும், ஆகவே துடைக்கும் துணிக்கு ஓய்வு கிடையாது. நாலு ஜன்னல் துடைக்கிறவனுக்கு வீண் செலவு. நாளெல்லாம் இழுக்கிறவன் தோளை விற்பதற்குப் பதில் இதை வாங்கலாம். “எதுக்கும் ரிமோட்ட வீட்டுக்காரி கையில குடுத்துரணும்” என்று கடைசியில் சேர்த்துக்கொள்வார்.

தோள் மெல்லத் தேறியது. தலை அவரே சீவிக்கொள்கிறார். பூஜை முடிந்து ஆபீஸ் திறந்த அன்று என் அறைக் கண்ணாடிக்கு வெளியே நெடுங்கம்போடு நின்று, உள்ளே நான் யாரையோ போனில் திட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே என் மேல் தண்ணீர் அடித்தார். நடுவில் கண்ணாடி இருந்தது என்பதை மறந்து நான் குனிந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் பெங்களூரிலிருந்து மகன் கூப்பிட்டான். “அத்தை, ரீலத் தேடிக் குடுத்து அப்பாவ அங்கேயே நிறுத்தி வச்சிட்டீங்களே. நாங்க இங்க எல்லாம் ரெடி பண்ணி வச்சிருந்தோம்” என்றான். கோபம் இல்லை, வருத்தம்தான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ‘ம்’ கொட்டியபடி கேட்டுக்கொண்டேன். இந்த ஊரில் என்னை மேடம் என்று கூப்பிட ஓர் ஆபீஸே இருக்கிறது, அக்காவாக்கித் தீதி என்று கூப்பிடத் தெருவே இருக்கிறது. தங்கச்சி என்று கூப்பிட அவர் ஒருத்தர்தான்.