கொழுப்பு மாத்திரையும் உன் மாமா ஏறி இறங்கிய கடைகளும்

அன்புள்ள தம்பி நேமிகுமாருக்கு,

ஆரணியிலிருந்து அக்கா சக்ரேஸ்வரி எழுதுவது. நீயும் சந்தனாவும் பிள்ளைகளும் செய்யாற்றில் ஒரு குறையுமில்லாமல் இருக்க ஜினரை வேண்டுகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாமென்றால் உன் மாமா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

விஷயம் இதுதான். அவருக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறது, தினம் ஒரு மாத்திரை போட வேண்டும் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசலிலேயே மருந்துக் கடை. வாங்கியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து நீ போன் பண்ணி, "எங்க ஊர்ல அதே மாத்திரை பாதி விலைதான் மாமா" என்றாய். அவ்வளவுதான். சரிகை வியாபாரத்தை விட்டதிலிருந்து பேரம் பேச ஆளில்லாமல் கிடந்த மனுஷன், சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். துணைக்கு நான், ஸ்கூட்டரின் பின்னால்.

ஒரு கடையில் பதினைந்து மாத்திரை அட்டை, இன்னொன்றில் பத்து. ஒரு கம்பெனியில் இருபது மில்லிகிராம், இன்னொன்றில் அதில் பாதி. இவரோ அட்டைக்கு அட்டை விலை பார்க்கிறார். "அது சின்ன டோசுங்க" என்று கடைக்காரப் பெண் காவ்யா சொன்னால், "நான் விலையக் கேட்டா நீ டோஸ் சொல்றியே" என்று சண்டை. செல்போனில் தள்ளுபடி பார்த்து ஆர்டர் போட்டார். வேறொரு ஆப்பில் இன்னும் குறைவென்று அதை ரத்து செய்தார். சேவூரில் மலிவு என்று யாரோ சொல்ல, வேகாத வெயிலில் அங்கேயும் போனோம். கடை பூட்டியிருந்தது. கடைசியில் அரசு மலிவு விலை மருந்தகத்தில் நீ சொன்னதைவிடக் குறைவாகக் கிடைத்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. வெளியே வந்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சல்லிசா குடுக்கறான்னா உள்ள மருந்து இருக்குமா சக்ரா?" என்கிறார்.

இப்படியே ஒரு மாதம் ஓடியது. வாங்கிய அந்த அட்டையிலிருந்துகூட ஒரு மாத்திரை அவர் வாய்க்குள் போகவில்லை. போன செவ்வாய்க்கிழமை, அடுத்த கடைக்குக் கிளம்பியவர் மார்பைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் சரிந்துவிட்டார். ஆட்டோவில் ஏற்றி அதே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டர், வெறும் வாயு என்றார். பிறகு, "மாத்திர போட்டுகினு வர்றீங்களா?" என்று கேட்டார்.

"வெல விசாரிச்சிகினு இருக்கேன் டாக்டர்."

டாக்டர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "எப்படிம்மா சமாளிக்கறீங்க?"

இத்தனை நாளில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அங்கேயே அழுதுவிட்டேன். சீட்டை அவர் பையிலிருந்து பிடுங்கி, வாசல் கடையிலேயே மாத்திரை வாங்கினேன். விலையே கேட்கவில்லை. இப்போது ஒழுங்காகப் போடுகிறார்.

ஆகையால் தம்பி, உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், இனி இந்த வீட்டில் மருந்து விலையைப் பற்றி மூச்சு விடாதே. மழையைப் பற்றிப் பேசு, போதும். சந்தனாவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

உன் அக்கா,
சக்ரேஸ்வரி

பி.கு.: நான் அழுததைப் பார்த்து அந்த டாக்டர் எனக்கும் ரத்தப் பரிசோதனை எழுதியிருந்தார். முடிவு இன்றைக்குத்தான் வந்தது. அவரைவிட எனக்குத்தான் கொழுப்பு அதிகமாம், எனக்கும் மாத்திரை எழுதிவிட்டார். "இது எனக்கு அப்பவே தெரியுமே" என்கிறார் உன் மாமா. வாசல் கடையில் விலை கேட்டேன், தலை சுற்றுகிறது. உங்கள் ஊரில் என்ன விலை என்று கேட்டு, கடிதம் கண்ட அன்றைக்கே போன் பண்ணு. அதுவரைக்கும் நான் வாங்கப்போவதில்லை.