கிணற்றில் நிற்கும் முயல்

ஷார்ஜா,
14.3.2006

அன்புள்ள கனகா அக்காவுக்கு,

உன் தங்கை அகிலா எழுதுவது. அத்தானுக்கு முட்டிவலி குறைந்திருக்கும், நீயும் வேளைக்கு மாத்திரை போட்டுக்கொள்வாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம், என்னைத் தவிர. உன் வீட்டு மாடி அறையிலிருக்கும் நெல் மூட்டைகளைக் கீழே இறக்கி வை. நான் வந்துவிடுகிறேன், ஒரேயடியாக.

காரணம் ஒரு முயல். சிரிக்காதே. எதிர் ஃபிளாட்டுக்கு மகனோடு குடிவந்திருக்கும் மர்ஜானா ஆப்பிரிக்காப் பக்கம் சான்சிபார் தீவுக்காரி. ஊரில் கதை சொல்வதுதான் அவள் தொழிலாம். வெள்ளிக்கிழமை கட்டடத்துப் பிள்ளைகளை எங்கள் ஹாலில் உட்காரவைத்து, அவள் ஊரின் இந்தியக் கடைகளில் பழகிய இந்தியில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். அவள் ஊரில் ஒரு வழக்கம், ஒவ்வொரு வரிக்கும் கேட்பவர்கள் குரல் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். நம்மூர் 'ம்' கொட்டுவதுதான் என்றேன், பிள்ளைகளும் நன்றாகத்தான் கொட்டினார்கள், முயல் கிணற்றில் விழுந்து கழுதைப்புலி மேலே வந்து எட்டிப் பார்க்கிற நேரம் பார்த்து நானே சமோசாத் தட்டைக் கொண்டுவந்து வைத்தேன், அப்புறம் ஒரு 'ம்' இல்லை, மர்ஜானா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "கேக்கிறவங்க போயிட்டாங்க, கதையும் போயிடுச்சு." நான் 'ம்' சொல்கிறேன் என்று கெஞ்சினேன். "நீ என் வாய். காது வேற ஆள் வேணும். ஒருத்தரக் காட்டு, முடிக்கிறேன்" என்றாள். அன்றிலிருந்து லிஃப்டில் போக முடியவில்லை. "என்னக்கா, முயல இப்படி விட்டுட்டீங்க, பாப்பா சாப்பிடவே மாட்டேங்குது" என்கிறாள் மேல்மாடி ருக்கையா. "முயல் கலாஸா மேடம், கதை முடிஞ்சுதா?" என்கிறான் வாட்ச்மேன் வீரபாண்டி.

மர்ஜானாவுக்காவது பாதியில் எழுந்து போகத் தெரிகிறது. நான் எத்தனை வருஷமாக 'ம்' இல்லாமலே சொல்லிக்கொண்டிருக்கிறேன் அக்கா! இவர் பகலெல்லாம் அல் கூஸ் கிடங்கில் "யல்லா, ஜல்தி" என்று கத்தி, இருக்கிற பேச்சையெல்லாம் அங்கேயே இறக்கிவிட்டு வருகிறார். கேஸ் கசிகிறது என்றாலும் டிவிதான், காய்ச்சல் என்றாலும் டிவிதான். கதை நடந்தபோதும் மூலையில் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். நேற்று, "நான் ஊருக்கே போயிடறேங்க" என்றேன். ரிமோட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

அத்தானுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு என் ஆசி. அறைக்கு வெள்ளை அடிக்க வேண்டாம். கதவு சாத்தினால் போதும்.

உன்
அகிலா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது இவர் வந்து பக்கத்தில் நின்றார். "அகிலா, அந்த முயல் மேல வந்துச்சா இல்லியா?" வெள்ளிக்கிழமையிலிருந்து மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். "தெரியலையே" என்றேன். "அந்தம்மாவக் கூப்பிடு. நான் 'ம்' கொட்டறேன்" என்று டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நெல் மூட்டைகள் அங்கேயே இருக்கட்டும், இப்போதைக்கு.