திறக்காத ஆறு புட்டிகளின் சுவை அறிக்கை

ஆறு பிரெஞ்சுச் சிவப்பு ஒயின்களை, ஒரு கார்க்கைக்கூடப் பிடுங்காமல், சுவைத்து, மதிப்பெண் இட்டு, தரவரிசைப்படுத்திய ஒரே குழு இந்தப் பூவுலகில் எங்களுடையதுதான். நான் அதன் செயலாளர். நம்பாதவர்கள் கூட்டக் குறிப்பைப் பார்க்கலாம். நாலு பிரதிகள் இருக்கின்றன.

'குறைந்த விலை, நிறைந்த சுவை' என்ற உயரிய லட்சியத்துக்காக ஓய்வு பெற்ற நாலு பேர் சேர்ந்த குழு அது. தலைவர், பாலங்கள் கட்டிய தலைமைப் பொறியாளர். உறுப்பினர்கள், உணவு விடுதிகளுக்குச் சுகாதாரச் சான்றிதழ் வழங்கிய அதிகாரியும், தானியக் கிடங்கு ஆய்வாளராக இருந்த என் சம்பந்தியும். நானோ முப்பத்தெட்டு வருடம் கூட்டக் குறிப்பு எழுதியவன். மலிவான ஆறு புட்டிகளில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்து, அதில் இரண்டு டஜன் வாங்கி, மாடிப்படிக்கு அடியில் உள்ள என் வீட்டுச் செருப்பு அலமாரியில் பத்து வருடம் முதிர விடுவதாகத் திட்டம். உறுப்பினர்களின் சராசரி வயது எழுபத்து நாலு.

"பத்து வருஷம் கழிச்சு யாரு வந்து குடிக்கப் போறீங்க?" என்றாள் என் மனைவி. அவளுக்கு அந்த அலமாரி தையல் மெஷினுக்கு வேண்டும். ஆனாலும் பெருந்தன்மையோடு ஒரு நிபந்தனை விதித்தாள். "நாலு பேரும் ஒழுங்கா ருசி பார்த்துக் கையெழுத்துப் போட்டா அலமாரி உங்களுக்கு. ஒருத்தர் குறைஞ்சாலும் மெஷின் உள்ளே போயிடும்."

ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் குழு கூடியது. வெள்ளை விரிப்பு, கண்ணாடிக் கோப்பைகள், கொப்பளித்துத் துப்ப ஒரு பூச்சாடி, எல்லாம் தயார். கார்க்கைத் திருகி எடுக்கும் கம்பி மட்டும் இல்லை. அது சுகாதார அதிகாரியின் பொறுப்பு.

"கொண்டு வருவாங்கன்னு நினைச்சேன்," என்றார் அவர்.

"யாரு?"

"பொதுவா, யாராவது."

கடைகளுக்கு விடுமுறை. சாதாரண மனிதர்கள் இங்கே மனமுடைந்து போயிருப்பார்கள். நாங்கள் அசரவில்லை. ஏனென்றால் கூட்டக் குறிப்பை வெள்ளிக்கிழமையே நான் தட்டச்சு செய்து முடித்திருந்தேன். எங்கள் அலுவலக மரபு அது. குறிப்பு முதலில் வரும்; கூட்டம் பின்னால் வந்து அதற்குத் தலையாட்டும்.

கம்பீரமாக வாசித்தேன். "நாலாம் எண். நாக்கில் பழுத்த செர்ரி. பின்னணியில் பென்சில் சீவிய வாசனை."

தலைவர் மூடிய புட்டியை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். "பென்சில் வருதுய்யா! சுத்தமா வருது!" அவர் காதில் ஒரு பென்சில் செருகியிருந்தது.

சுகாதார அதிகாரி புட்டியின் அடியைத் தட்டிப் பார்த்து, "செர்ரி ஒரு பிடி தூக்கல்," என்றார்.

"அட, இன்னும் மூடியே திறக்கலியே!" என்று கத்தினார் சம்பந்தி.

"அதனாலதான் வாசனை சிந்தாம உள்ளேயே இருக்கு," என்றார் தலைவர்.

நாலாம் எண் ஏகமனதாக வென்றது. மூன்று கையெழுத்துகள் விழுந்தன. சம்பந்தி மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"ருசி பார்க்காததைப் பார்த்தேன்னு எழுத எனக்குக் கை வராது, சம்பந்தி."

மாடிப்படியில் தையல் மெஷின் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. அவசர அவசரமாக நான் அவரைப் பாராட்டத் தொடங்கினேன்.

"உங்க நேர்மை யாருக்கு வரும்! தலைவரே, ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக் கிடங்குல பன்னிரண்டாயிரம் மூட்டை கோதுமை இருக்குன்னு சான்று கொடுத்தவர் இவர். நேர்ல போய் ஒவ்வொண்ணா எண்ணினேன்னு எழுதியிருந்தார். அந்தக் கிடங்கு அதுக்கு முந்தின வருஷமே புயல்ல தரைமட்டம் ஆயிடுச்சு. இல்லாத கிடங்குக்குள்ள போய் எண்ணின மனுஷன்!"

தலைவர் மரியாதையாக எழுந்து நின்றார். "நான்கூட என் பாலத்தை வரைபடத்துலதான்யா பார்த்தேன்."

"நான் எந்த அடுப்படியையும் எட்டிப் பார்த்ததில்லை," என்று சுகாதார அதிகாரியும் தன்னடக்கத்தோடு சொன்னார்.

மனைவி மெஷினை வாசற்படியில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். புட்டிகளைப் பார்த்தாள். காய்ந்த கோப்பைகளைப் பார்த்தாள்.

"அண்ணா, இந்த மூணு பேர் பேச்சை நான் நம்ப மாட்டேன். நீங்க சொல்லுங்க. இங்க ருசி பார்க்கிறது நடந்துச்சா, இல்லையா?"

சம்பந்தி என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார். பழகிய கை.

"நடந்துச்சு தங்கச்சி. அன்னிக்கு மூட்டைகளை எப்படி எண்ணினேனோ, அதே மாதிரி இன்னிக்குச் சொட்டுச் சொட்டா ருசி பார்த்தேன்."