லாஸ்ட் ரேட் அண்ணன் வாங்காத கார்கள்

உலகத்தில் பெரிய கார் வாங்கியவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அதில் விசேஷம் ஒன்றுமில்லை. பணம் இருந்தால் போதும். ஆனால் பெரிய கார்களை வாங்காமல் விடுவதையே வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டு, அதற்காகக் குளித்து, விபூதி பூசி, பஸ் பிடித்துப் போய் வந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் சுங்குவார்சத்திரத்தில் லாட்ஜ் நடத்தினார்.

லாட்ஜ் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். கீழே சைக்கிள் கடை, மாடியில் சில அறைகள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் புதிதாக முளைத்திருந்த ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் கணக்கெழுதும் வேலை கிடைத்துத் தஞ்சாவூரிலிருந்து வந்த நான், அங்கே ஓர் அறையில் குடியிருந்தேன். அறைக்கு ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்து அறை தெரியும்.

உரிமையாளரின் சொந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கொத்தமல்லிக் கட்டு முதல் கோயில் பிரசாதம் வரை எதைக் கண்டாலும், "லாஸ்ட் ரேட்டு இன்னா?" என்று கேட்பார். அதுவே பெயராகிவிட்டது. வயதுக்கு மரியாதை கொடுத்து நாங்கள் லாஸ்ட் ரேட் அண்ணன் என்போம்.

அவர் பேரம் பேசாத இடம் கிடையாது. முடிவெட்டும் கடையில், "வெட்ன முடிய நீயே வச்சிக்க. அதுக்கு எவ்ளோ கொறைப்பே?" என்பார். பல்வலிக்கு ஒரு முறை ஸ்ரீபெரும்புதூர் பல் டாக்டரிடம் போனார். ஒரு பல் பிடுங்க இவ்வளவு என்றதும், "ரெண்டா புடுங்கினா?" என்று கேட்டிருக்கிறார். டாக்டர் விளையாட்டாக, "ரெண்டாவதுக்குப் பாதிதான்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்து என்னிடம் சொன்னார்:

"ரெண்டாவது பல்லு நல்ல பல்லு தம்பி. ஆனா பாதி ரேட்டு!"

இவ்வளவு பேசுகிறவர் தன் லாட்ஜில் மட்டும் 'இங்கு பேரம் பேசக் கூடாது' என்று பெயின்ட்டில் எழுதி மாட்டியிருந்தார். இது என்ன நியாயம் என்று ஒரு நாள் கேட்டேன்.

"வாங்கறவன் பேசறதுதான் தம்பி பேரம். விக்கறவன் பேசனா அது பொலம்பல்" என்றார்.

கொத்தமல்லியும் பல்லும் அவர் திறமைக்குப் போதவில்லை. அதனால்தான் கார். எங்கள் கம்பெனிக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அன்றைக்கு நல்ல நாள் பார்த்துப் பணக்காரர்கள் வண்டி எடுக்க வருவார்கள் என்பதால் அண்ணனும் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்புவார். வெள்ளை வேட்டி, கஞ்சி மொடமொடக்கும் வெள்ளைச் சட்டை, விரலில் ஒரு கல் மோதிரம். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் இருந்த ஒரு ஷோரூமுக்குள் நுழைந்து, "ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து வரோம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கம்பெனிக்காரனுக்கு நிலத்தை விற்ற காசு மடியில் கனக்கிறது என்று அவர்களே முடிவு செய்து ஏ.சி.யைக் கூட்டி வைப்பார்கள். அண்ணன் ஒரு பொய்யும் சொன்னதில்லை. மெய்யும் சொன்னதில்லை.

இதில் எனக்கும் ஒரு வேடம் உண்டு. நான் அவருடைய மச்சான். வாயே திறக்கக் கூடாது; வண்டியைப் பார்த்து உதட்டைச் சுழித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"எதுக்குண்ணே நான்?" என்று முதல் தடவை கேட்டேன்.

"உன் மூஞ்சி இருக்குதே தம்பி, அது பெரிய சொத்து. இன்னாத்தப் பாத்தாலும் புடிக்காத மாதிரியே கீது. அத்தப் பாத்தா விக்கறவனுக்குத் தானா நடுக்கம் வந்துரும்."

கல்லூரியில் சிந்தனையாளன் முகம் என்று நானே நினைத்துக்கொண்டிருந்த முகம் அது.

நாங்கள் வாங்காமல் விட்டது, அந்தக் காலத்தில் சினிமா வில்லன்களும் மந்திரிகளின் மைத்துனர்களும் ஏறி வந்த நீள மூக்குக் கார். டிக்கியில் ஒரு குடித்தனம் வைக்கலாம். அதை விற்கும் பொறுப்பு நாற்பது வயது தாண்டிய, எப்போதும் டை கட்டிய ஒருவரிடம் இருந்தது. டைக்காரர் என்றே அவரை வைத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் அவர் எங்களை மதிக்கவே இல்லை. அப்போது கார் வாங்குவதென்றால் விற்பவன் தயவில்தான் வாங்க வேண்டும். பரிசில் தராமல் இழுத்தடிக்கும் மன்னன் வாசலில் புலவர்கள் நின்றது போலப் பணக்காரர்கள் பணத்தோடு காத்து நின்றார்கள்.

"ஃபிக்ஸட் ரேட் சார்" என்றார் டைக்காரர்.

"யாரு ஃபிக்ஸ் பண்ணது?"

"கம்பெனி சார்."

"கம்பெனி எங்க கீது?"

"வடக்க சார், ரொம்ப தூரம்."

"போன் போடு. நான் பேசறேன்."

அண்ணனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவரிடம் இருந்தது ஒரு மொபெட். அதையும் ஏற்றத்தில் அவர்தான் தள்ளுவார். அதனால் டைக்காரரை ஓட்டச் சொல்லிவிட்டு, பின் சீட்டில் படுத்துத்தான் காரைச் சோதிப்பார். தூக்கம் வந்தால் நல்ல வண்டி. ஒரு தடவை நிஜமாகவே குறட்டை விட்டுவிட்டார். எழுப்பினால் வியாபாரம் கெட்டுவிடுமோ என்று டைக்காரர் ஜெமினி மேம்பாலத்தையே சுற்றிச் சுற்றி வந்தார். முன் சீட்டில் நான், எதுவும் பிடிக்காத முகத்தோடு.

"ஒரு வாட்டி வாங்கித்தான் தொலைங்களேன்" என்று பஸ்ஸில் திரும்பும்போது சொன்னேன். காசில்லை என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"வாங்கிட்டா அப்பறம் இன்னாத்தப் பேசறது?" என்றார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தொண்ணூற்றொன்றாம் வருஷம் வந்தது. நாட்டுக்கே கையில் காசில்லை என்றார்கள். ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், பெட்ரோல் விலையை ஏற்றினார்கள். வண்டிக் கடன் என்றால் பாங்குக்காரர்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்கள். எங்கள் கம்பெனியில் ஓ.டி.யை நிறுத்தினார்கள். தினமும் பேப்பரில் பொருளாதாரப் பக்கத்தை வரி விடாமல் படித்த நான், இதனால் லாஸ்ட் ரேட் அண்ணனுக்கு ஆபத்து வரும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஷோரூமுக்குள் நுழைந்தோம். எங்களைத் தவிர யாரும் இல்லை. நீள மூக்குக் கார் தூசி படிந்து நின்றது. டைக்காரர் ஓடி வந்தார். ஓடி வந்தபோதே எனக்கு என்னவோ போலிருந்தது.

அண்ணன் வழக்கப்படி ஆரம்பித்தார். "காலுக்குப் போடற மேட்டு ஃப்ரீயா குடுக்கணும்."

"குடுத்துடலாம் சார்."

அண்ணன் ஒரு கணம் தடுமாறினார். "சீட் கவரு?"

"போட்டுடலாம் சார்."

"பின்னாடி கண்ணாடிக்குத் திரைச்சீலை. பாட்டுப் பொட்டி."

"சரி சார்."

"வெலையில கொறைக்கணும்."

"எவ்வளவு சார்?"

டைக்காரர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்ததும் அண்ணன் நெற்றி விபூதி வேர்வையில் கரைந்தது. கேட்கக் கூடாத ஒரு தொகையைச் சொன்னார். டைக்காரர் உள்ளே போய் மேனேஜரைக் கேட்டுவிட்டு வந்து, "சரி" என்றார். கடைசி ஆயுதமாக அண்ணன், "வூட்டுக்காரிக்கு ஒரு மிக்ஸி!" என்று கத்தினார்.

"வாங்கித் தரோம் சார்."

வாழ்நாளில் முதன்முறையாக அண்ணனுக்குக் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. பரிதாபமாக என்னைப் பார்த்தார். டைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"சார், இந்த மாசத்துக்குள்ள இந்த வண்டி போகலேன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஸ்ரீபெரும்புதூர் பார்ட்டி ஒருத்தர் கண்டிப்பா எடுப்பாருன்னு உங்களைத்தான் சார் மேனேஜர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். பொண்ணு பிளஸ் டூ படிக்கறா."

நான் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். அண்ணன் தப்பிக்க ஆயிரம் வழி இருந்தது. அவர் சொன்னது வேறு.

"அடுத்த வெள்ளிக்கெழமை வண்டி எடுத்துடலாம்."

திரும்பி வரும்போது பூந்தமல்லியில் வாராவாரம் அவர் பேரத்தில் மாட்டும் ஒரு பெண் பஸ் ஜன்னலருகே கொய்யாப்பழம் நீட்டினாள். அவள் சொன்ன விலையை அண்ணன் அப்படியே கொடுத்தார். எனக்குப் பயமாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கும்.

"லாட்ஜ வித்தாகூட அந்த வண்டில பாதி வராதே தம்பி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளிலிருந்து, என் ஆபீஸ் விட்டதும், அந்த வண்டியை எடுக்க நிஜமான பணக்காரன் ஒருவனைத் தேடினோம். ஒரகடம் முழுக்க அலைந்தோம். வடக்குப்பட்டில் ஒருவர் டிராக்டர் இருக்கும்போது எதற்குக் கார் என்று கேட்டு மோர் கொடுத்து அனுப்பினார். கடைசியில் வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ்மில்காரர் அகப்பட்டார். பெரிய உடம்பு, சிறிய பேச்சு. "வண்டி எப்படிபா?" என்று கேட்டார்.

அண்ணன் மகிழ்ச்சியோடு ஆரம்பித்தார். "பெட்ரோல மாடு தண்ணி குடிக்கற மாதிரி குடிக்கும். ஸ்பேர் கெடைக்காது. வெயில்ல நின்னா உள்ள அடுப்பு..."

காலை மிதித்தேன். இத்தனை வருஷம் குறை சொல்லியே பழகிய நாக்கு. அந்தக் காரைப் பற்றி அவருக்கு ஒரு நல்ல வார்த்தை கூடத் தெரியவில்லை. நெடுநேரம் யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"பின் சீட்டுல படுத்தா தூக்கம் வரும்ங்க."

ரைஸ்மில்காரர் நிமிர்ந்தார். "நெஜமாவா? எனுக்குத் தூக்கமே வர்றதில்லபா. மில்லு நின்னா முழிச்சிக்கறேன், ஓடனாலும் முழிச்சிக்கறேன்."

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் ஷோரூமில் இருந்தோம். அண்ணன் டைக்காரரிடம், "எனுக்கு இப்ப சனி சரியில்ல, வண்டி எடுக்கக் கூடாதாம். அதான் நம்ப ஆள இட்டாந்தேன்" என்றார். ரைஸ்மில்காரர் பின் சீட்டில் படுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தார். "இன்னா வெல?"

டைக்காரர் முழு விலையைச் சொன்னார்.

"சரி" என்று மஞ்சள் பையை மேஜைமேல் வைத்தார் ரைஸ்மில்காரர்.

வேலை முடிந்தது. பையை அவிழ்க்க வேண்டியதுதான் பாக்கி. பக்கத்தில் அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டதைப் பார்த்தேன். கையைப் பிடித்தேன், காய்ச்சல் மாதிரி சுட்டது. "அண்ணே, வேணாம்" என்று கிசுகிசுத்தேன். அவரால் முடியவில்லை.

"இன்னாங்க நீங்க!" என்று எழுந்துவிட்டார். "சொன்ன ஒடனே சரின்றீங்க! மேட்டு கேளுங்க! சீட் கவரு கேளுங்க! யோவ் டை, போன வாரம் எனுக்குக் கொறைச்சத இவருக்கும் கொறை. மிக்ஸி எங்க?"

டைக்காரர் கண்ணாலேயே கும்பிட்டார். சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்து, "குடுத்துடலாம், எல்லாம் குடுத்துடலாம்" என்றார். அண்ணன் வெற்றியோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ரைஸ்மில்காரர் மெல்ல மஞ்சள் பையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"கேக்கறதுக்கு முன்னாடியே இவ்ளோ எறங்கறான்னா, வண்டில இன்னாமோ கீது. நல்ல அரிசிய எவன்பா கொறைச்சிக் குடுப்பான்? எனுக்கு வேணாம்" என்று எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார்.

டைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த விதத்தைப் பார்த்தால், அந்த நாற்காலி தன்னுடையது இல்லை என்று அவர் அப்போதே ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது. அண்ணன் அவரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு அவருடைய கொள்கைகள் அத்தனைக்கும் விரோதமான ஒரு காரியத்தைச் செய்தார். மேனேஜருக்கும் ரைஸ்மில்காரருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, மேனேஜரைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ், இன்னாத்துக்குக் கொறைக்கறே? சும்மா ஆழம் பாத்தா ஒடனே எறங்கிடுவியா? ஊரு பூரா கடன்ல முழுகினாலும் இந்த வண்டிக்கு இன்னா கொறை? ஒரு ரூபா கொறைக்காதே. மேட்டு கெடையாது. கவரு கெடையாது. மிக்ஸியும் கெடையாது, அம்மியும் கெடையாது!" பிறகு ரைஸ்மில்காரர் பக்கம் திரும்பினார். "வாங்கறதுன்னா சொன்ன வெலைக்கு வாங்குங்க. இல்லன்னா எதுத்தாப்புலயே பஸ்ஸு நிக்கும், போயினே இருங்க. இத்த வாங்க நாளைக்கே வேற ஆளு வருவான்."

ரைஸ்மில்காரர் நின்றார். திரும்பினார். வண்டியை ஒரு தடவை பார்த்தார்.

"இப்பதான்யா யாவாரம் மாதிரி கீது" என்று வந்து உட்கார்ந்து பையை அவிழ்த்தார்.

ஷோரூம் டிரைவர் வண்டியை வெளியே எடுத்தபோது ரைஸ்மில்காரர் பின் சீட்டில் தூங்கியிருந்தார். டைக்காரர் எங்களைப் பஸ் ஸ்டாப் வரை கொண்டு வந்து விட்டார். அண்ணன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உடுய்யா கைய" என்றார் அண்ணன். "இன்னிக்கி மாதிரி கேட்டதுக்கெல்லாம் தலையாட்டிடாதே. வர்ற வெள்ளிக்கெழமை வரோம். நல்லா எதுத்துப் பேசணும், தெரிதா?"

"வாங்க சார். ஃபிக்ஸட் ரேட்தான்" என்றார் டைக்காரர், டையால் கண்ணைத் துடைத்தபடி.

அண்ணன் அன்று படுத்த படுக்கையானார். "ஃபுல் ரேட்டு... ஒரு மேட்டு கூட இல்லாம..." என்று அனத்தினார். அவர் மனைவி கஞ்சி கொடுத்தபடி என்னிடம், "யாராவது செத்துட்டாங்களா தம்பி?" என்று கேட்டார்.

சில மாதங்களில் எனக்கு ஓசூரில் வேறு வேலை கிடைத்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு சொல்லிக்கொள்ளப் போனபோது, "சம்பளம் எவ்ளோ சொன்னான்? நீ ஒடனே சரின்னுட்டியா?" என்று திட்டினார். நெடுநாள் கழித்துச் சுங்குவார்சத்திரம் பக்கம் போகையில் பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரர் சொன்னார்: நான் போன பிறகும் அண்ணன் வெள்ளிக்கிழமைகளில் வெள்ளை வேட்டியோடு வந்து நிற்பாராம், முதலில் வருகிற மெட்ராஸ் பஸ்ஸில் ஏற மாட்டாராம். "தம்பி வர்ற நேரம்தான்" என்று அதை விட்டுவிட்டு, அடுத்ததில்தான் போவாராம்.